சொல்லி ஆறுவதா, சொல்லாமல் ஆறுவதா?

போரிலிருந்து தப்பி வேறு நாட்டில் குடியேறியவர்களில் பலருக்கு, வீடும் வேலையும் அமைந்த பிறகும் இரவில் தூக்கம் வருவதில்லை. பழைய நினைவு திரும்பத் திரும்ப வந்து உலுக்குகிறது. அவர்களுக்கு உதவும் இரண்டு சிகிச்சைகள் இவை.

ஒன்று, கதைசொல்லல் சிகிச்சை. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கியது. தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறார்கள், அதுதான் வாழ்க்கை. நல்ல நாளுக்கு ஒரு பூ, கொடிய நாளுக்கு ஒரு கல். அப்புறம் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பேசுகிறார்கள். சொன்னதைச் சிகிச்சையாளர் எழுதிவந்து அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். கடைசியில் முழுக் கதையும் சொன்னவர் கையிலேயே தரப்படும். பூக்களுக்கும் அதில் இடம் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மற்றொன்று இ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை. 1987இல் ஃபிரான்சீன் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கியது. நினைவை மனத்தில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் முன்னால் வாய் திறக்கக் கூசுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரே சம்பவம்தான் துரத்துகிறது என்றால் இரண்டாவதையே சொல்வேன். இழப்பு, பயணம், முகாம் என்று துயரம் அடுக்கடுக்காக இருந்தால், சரி, கயிற்றை விரிக்கலாம்.