காவல்துறை இணையச் சேவை: பந்தலூர் பக்கத்து அனுபவம்

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தை எனக்காகவும் எங்கள் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) இருப்பவர்களுக்காகவும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எங்கள் ஊர் நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர் பக்கம், தேயிலைத் தோட்டம். ஸ்டேஷனுக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. யானை நடமாடும் சாலை என்பதால் இருட்டுவதற்குள் வீடு திரும்பவும் வேண்டும்.

நிஜமாகவே அலைச்சலைக் குறைத்தது, தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கைதான். லைசென்ஸ், ஆர்.சி. புக், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எது தொலைந்தாலும் விவரத்தைப் பதிந்து, ஓடிபி போட்டால் அறிக்கை கைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா மகனின் லைசென்ஸுக்கு எடுத்துக் கொடுத்தேன். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல சீல் இல்லையேப்பா, செல்லுமா?" என்றார். அவர் பயந்தபடியே, அதைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் "ஸ்டேஷன் சீலோடு வாங்க" என்றார்கள். அறிக்கை எண்ணை இணையதளத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். அலுவலகமே நம்பாத தாளைத் தோட்டத் தொழிலாளி எப்படி நம்புவார்?

எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல் எடுப்பதும் சுலபம். மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் தெரிந்தால் போதும். 24 மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆரைப் பதிவேற்ற வேண்டும், இணைய வசதி சரியில்லாத ஊர்களில் 72 மணி நேரம் வரை ஆகலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் அதில் வராது, அது சரிதான்.

புகார் கொடுக்கும் பகுதிதான் மனதுக்கு ஆறவில்லை. புகாரை அனுப்பியதுமே வழக்குப் பதிவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, இணையத்தில் அனுப்பிய புகாரில் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் அது எஃப்.ஐ.ஆராகப் பதிவாகும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேலித் தகராறு ஒன்றுக்கு நான் அனுப்பிய புகாருக்கு எண் வந்தது, அப்புறம் "நேர்ல வாங்க" என்று போன் வந்தது. "பின்னே எதுக்கு ஆன்லைன்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆனாலும் அந்த எண் பெரிய பலம். புகாரே வரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஸ்டேஷன் வாசலில் தனியாகப் போய் நிற்கத் தயங்கும் பெண்களுக்கு இதற்காகவே நான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இன்னொரு சிக்கல் போன். அம்மா பெயரில் வாங்கிய சிம் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். ஓடிபி அங்கே போகும், சிக்னல் இங்கே இருக்காது. இ-சேவை மையத்தில் பொறுமையாகப் பதிந்து கொடுக்கும் ஆள் இருந்தால், தயங்கியவர்களும் அடுத்த முறை தாங்களாகவே வருகிறார்கள்.

போனில் ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணை ஒவ்வொரு தோட்டத்திலும் மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்தில் பெரிதாக எழுதிப் போட வேண்டும்.