தாத்தா படத்துக்குப் போட்ட பிரேம்: ஆறு வருடம் கழித்து

பிரேம் போட்டு வந்த அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் ஆறு வருடம் பொறுத்து எழுதுகிறேன்.

தாத்தா, பாட்டி, நான்கு பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பழைய பிரேமில் கண்ணாடி படத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின் என்ற பசைப்பொருள். ஈரம் பட்டால் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் படத்திலும் பெரியப்பாவின் தலைக்கு மேல் நீர்த்திட்டு போல ஓர் இடம் பளபளத்தது. நகத்தால் நெம்பப் போனேன். "விடுடா, பெரியப்பா முடியோட வந்துடும்" என்றார் அம்மா.

விட்டுவிட்டேன். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தோம். வீட்டில் இருந்த மெல்லிய ஸ்கேனரில் முகங்கள் மங்கின. தெரிந்தவர் ஒருவரிடம் பழைய, தடியான சிசிடி வகை ஸ்கேனர் (லென்ஸ் வழியாகப் படம் எடுப்பது) இருந்தது. அது கண்ணாடியைத் தாண்டியும் தெளிவாக எடுத்தது. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக எடுத்ததால், 4க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் 8க்கு 12 ஆக அச்சடிக்க முடிந்தது. சுவரில் தொங்குவது இந்தப் பிரதிதான். அசல், கண்ணாடியோடு அலமாரியில் படுத்திருக்கிறது.

இந்த முறை பிரதிக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும், நடுவில் வெட்டிய அட்டை) வைத்து இடைவெளி விடச் சொன்னேன். அமிலமில்லாத அட்டை என்று அடம்பிடித்தது வீண்போகவில்லை. பழைய பிரேமின் பின் அட்டை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. அந்தக் கறை படத்தின் ஓரத்திலும் ஏறியிருந்தது. புதியதைப் போன மாதம் பிரித்துப் பார்த்தேன். மவுன்டின் சரிவாக வெட்டிய விளிம்பு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போட்டேன். இதில் எனக்கு அரை மனசுதான். தூசியை இழுத்து வைத்துக்கொள்கிறது. செய்தித்தாளால் துடைத்த புண்ணியத்தில் முடிபோலக் கீறல்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் இதற்கு ஆகாது. ஈரமாக்கிய மெல்லிய துணியே போதும். ஆனால் ஒருமுறை ஆணியோடு கழன்று விழுந்தபோது உடையவில்லை, அதனால் திட்டவும் முடியவில்லை. விழுந்ததற்குக் காரணம், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியது. இப்போது உள்சுவரில், இரண்டு ஆணியில்.

சரி, 'நம்முடையது' என்று சொல்லும்படி செய்த வேலைக்கு வருகிறேன். படத்தின் பின்னால் தாத்தா மசியில் "பிள்ளைகளுடன்" என்று எழுதியிருந்தார். அதை அப்படியே மரச்சட்டத்தின் கீழ்ப்பகுதியில் லேசரில் செதுக்கச் சொன்னேன். 'ளை'யில் மசி கொஞ்சம் பரவியிருந்தது. செதுக்குபவர் அதைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். வருகிறவர்கள் முகங்களைப் பார்ப்பதற்கு முன்பே அந்த எழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். பள்ளத்தில் தூசி அடையும். மெல்லிய பிரஷ் போதும்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில், கீழே பித்தளைத் தகட்டில் இடமிருந்து வலமாகப் பெயர்களையும் பொறித்தேன். ஒரு வருடம் கழித்து வந்த அத்தை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மடியில கவுன் போட்டு இருக்கிறது நான் இல்லடா, உன் சித்தப்பா. டவுசர் மாட்டிக்கிட்டு நிக்குது பாரு, அதுதான் நான்."

பொறித்ததை அழிக்க முடியுமா? தகட்டைக் கழற்றிவிட்டேன். அத்தை சொல்லச் சொல்லப் பெயர்களைப் பென்சிலில் எழுதி, ஓர் உறையில் போட்டு பிரேமின் பின்னால் செருகியிருக்கிறேன். முன்னால் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் மிச்சம். சித்தப்பா வரும்போதெல்லாம் தகடு எங்கே என்று கேட்கிறார்.