பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும் ஒரே பெட்டியில்: வாங்கலாமா?

கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கினேன். கெட்டி அட்டை. நாட்டுடைமை ஆனபிறகு கல்கியை ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். குறை சொல்லப்போவதால் இதை அச்சடித்தவர்கள் பெயரைப் போடவில்லை. எழுத்து பெரிது, கண்ணாடி இல்லாமலே படிக்க ஓடுகிறது. தாள்தான் மெல்லிசு, பின்பக்கத்து வரி இந்தப்பக்கம் தெரிகிறது. மணியம் வரைந்த படங்களைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. 1950-ல் கல்கி வாரப் பத்திரிகையில் தொடர் தொடங்கியபோதே கதையோடு வந்த படங்கள். குந்தவையின் கொண்டை எப்படியிருக்கும் என்று அவர்தானே நமக்குக் காட்டினார்! அதை விட்டுவிட்டு, அட்டையில் ஏதோ கம்ப்யூட்டர் வீரனைக் குதிரை ஏற்றியிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவன் நம்ம ஆள். காட்டுமன்னார்கோயில் பக்கம் தபால் கொடுத்தே தலை நரைத்தவன் நான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது எங்கள் வீராணத்துக் கரையில். நான் சைக்கிள் மிதித்த கரை. ஊரே அருள்மொழிவர்மனைக் கொண்டாடட்டும், எனக்கு இந்த ஓலைக்காரன்தான் உசத்தி. காஞ்சியில் இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்தது இரண்டு ஓலை. ஒன்று அப்பா சுந்தர சோழச் சக்கரவர்த்திக்கு, மற்றது தங்கை குந்தவைக்கு. பழுவேட்டரையர்கள் காவல் போட்ட தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்து, சக்கரவர்த்திக்கு வந்ததை அவரிடமே சேர்க்கிறான். அதன் அருமை இந்த வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஒரு மணியார்டர் வந்தால் போதும், "என்கிட்ட குடுங்கண்ணே, நான் சேத்துடறேன்" என்று பங்காளி, மச்சான் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

பொய் சொல்கிறானே என்பார்கள். சொல்கிறான், வாய் கூசாமல். சக்கரவர்த்தியிடம் "அபாயம்" என்றது சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்ததும், "அபயம்" என்றுதான் கேட்டேன் என்று திருப்பிவிடுகிறான். அந்த நேரத்துக்கு அந்தப் புத்தி எத்தனை பேருக்கு வரும்? அவனுக்கு இடம் கொடுத்த பாவத்துக்குச் சேந்தன் அமுதன் பாதாளச் சிறைக்குப் போனான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அவனிடம் ரொம்பப் பிடித்தது வேறு. நண்பன் கந்தமாறனை முதுகில் குத்தியது யாரோ; தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியது இவன். அந்தக் கந்தமாறனோ குத்தினவனே இவன்தான் என்று நம்புகிறான்! நானாக இருந்தால் ஜென்மத்துக்கும் அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன். இவனுக்கு வருத்தம் இருக்கிறது, வன்மம் இல்லை. கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திப் போய்ப் புதைசேற்றில் மாட்டுகிறான், அவளே தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஆம்பிளை ரோஷம் என்று முறுக்கிக்கொள்ளாமல், இலங்கைக்குப் படகு ஓட்டச்சொல்லி அவளிடமே போய் நிற்கிறான்.

சரியாக அந்த இடத்தில் இரண்டாம் பாகம் பசை விட்டுப் பக்கம் பக்கமாகக் கையோடு வந்துவிட்டது. சிதம்பரத்தில் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். பெரிய எழுத்து தேவைப்படுகிற வயசு என்றால் இதை வாங்குங்கள், பைண்டிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. பேரப்பிள்ளைக்குக் கொடுக்க என்றால் வேண்டாம். கூடக் காசு ஆனாலும் மணியம் படம் உள்ள பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.