உப்புக்காற்றில் ஏழு வருடம்: என் பிஎஸ்4 ஸ்லிமும் அதன் டிஸ்க்குகளும்

குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தாலும் துரு தன் வேலையைப் பார்க்கும். ஃபிரிட்ஜின் அடித்தகடு நாலே வருடத்தில் உதிர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில், ஒக்கி புயல் அடித்ததற்கு அடுத்த ஓணத்துக்கு, அதாவது 2018-ல், நாகர்கோவிலில் வாங்கிய பிஎஸ்4 ஸ்லிம், டிவியில் மாட்டி ஆடும் சோனியின் கேம் பெட்டி, இன்றும் ஓடுகிறது. சும்மா ஓடவில்லை, நான் பார்க்கும் பண்டுவத்தால் ஓடுகிறது.

முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது இடவப்பாதி மழையில்தான் படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. டிவிதான் போச்சு என்று நினைத்துக் கேபிளை உருவினால், எச்டிஎம்ஐ முனையைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ வைத்திருப்பார்களே, அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் வாங்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து விளையாடி முடித்தால் பழைய சாரத்துணியால் மூடி வைப்பேன். சூடு ஆறிய பிறகுதான் மூட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை, நடுவில் துளையுள்ள நட்சத்திரத் தலைத் திருப்புளியால் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்கிறேன். உப்பு ஈரத்தில் தூசி மாவு மாதிரி அப்பிக்கிடக்கும், ஊதினால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு இன்னொரு பயம், இடி. பவர் வயரை மட்டும் பிடுங்கினால் போதாது, நெட் வயரையும் எச்டிஎம்ஐயையும் சேர்த்து உருவ வேண்டும். பக்கத்து வீட்டில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செட்டாப் பாக்ஸ் வயரை அப்படியே விட்டார்கள், டிவி போனது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் திக் திக் என்று சத்தம் போட்டு ஓய்ந்தது. இதற்கு மட்டும் கவலையே வேண்டாம். பின்பக்க மூடியைக் கழற்றி ஒரே ஒரு திருகை எடுத்தால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும், சாதாரண லேப்டாப்பில் போடும் இரண்டரை இஞ்ச் எஸ்எஸ்டியே அதற்குப் போதும். மாற்றிய பிறகு கேம் ஏறும் நேரமும் நன்றாகக் குறைந்தது. கன்ட்ரோலர் இரண்டு மாற்றியாயிற்று, அது அக்கா மகன் டிவியில் பந்து விளையாடிய விளையாட்டில் தேய்ந்தது. தூத்தூர்க்காரர்களுக்குக் குறையாத பந்துப் பைத்தியம் அவனுக்கு.

அப்புறம் கேம் டிஸ்க் கதை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னிடம் டிஸ்க்காக வாங்கிய கேம்கள் முப்பதுக்குப் பக்கம், டிஸ்க் இல்லாமல் ஆன்லைனில் டவுன்லோடாகத் தள்ளுபடி பார்த்து வாங்கியவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிஸ்க்குகளில் பாதி இப்போது என்னிடம் இல்லை. தக்கலையில் ஒரு கூட்டாளி இருக்கிறான், அவனோடு மாற்றிக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, சாயா குடித்து, பழம்பொரி தின்ற கையைத் துடைத்துவிட்டு டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "மக்கா, இந்தக் கீறல் போன தடவையே இருந்ததா?" என்று ஒரு சண்டை போட்டுக் கைமாற்றுவோம். 1,500 ரூபாய்க்கு வாங்கிய டிஸ்க்கை ஆறு மாதம் ஆடிவிட்டு 1,000-க்கு விற்றிருக்கிறேன். முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்த பந்து கேம் மாதிரி வருடா வருடம் வரும் கேமை மட்டும் இப்படி நம்பி வாங்காதீர்கள், அடுத்தது வந்ததும் பழையதை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. ஆன்லைனில் வாங்கிய முப்பதும் என் கணக்கிலேயே கிடக்கின்றன. விற்கவும் முடியாது, கடன் கொடுக்கவும் முடியாது.

2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸில் பழைய டிஸ்க்குகளைக் கைமாற்றக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அப்போது சோனி, பிஎஸ்4-ல் கேமைப் பகிர்வது எப்படி என்று அரை நிமிடம்கூட இல்லாத ஒரு வீடியோ விட்டது. ஒருவர் டிஸ்க்கை இன்னொருவரிடம் நீட்டுவார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், முடிந்தது. பார்த்துச் சிரித்தோம். அதே சோனி 2020-ல் டிஸ்க் போட இடமில்லாத ஒரு பிஎஸ்5-ஐயும் சேர்த்து விட்டது, 2024-ல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவையே தனியாகக் காசு கொடுத்து வாங்க வைத்தது. 2023 டிசம்பரில் இன்னும் ஒரு கூத்து. சோனியிடம் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி டிவி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே நீக்கப்படும் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். வாங்கு என்று பட்டன் வைத்துவிட்டு வாடகைக்கு விடும் வியாபாரம் இது.

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வரை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. அது நெட் இல்லாமல் ஓடவே ஓடாத கேம், ஆகவே டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் மிஞ்சியது டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர்தான். பிஎஸ்4-லேயே ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்து கடிகாரம் தவறினால், சோனி சர்வரோடு பேசி நேரத்தைச் சரிசெய்யும் வரை டிஸ்க் கேமும் ஓடாது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். பழைய செட்டு செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அப்டேட் போட்டுவிடுங்கள். என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்கிறேன். துபாயிலிருந்து அத்தான் கொண்டுவந்த டிஸ்க் அமெரிக்கப் பதிப்பு. கேம் இங்கே நன்றாகவே ஓடியது, அந்தத் தைரியத்தில் இந்தியக் கணக்கில் அதற்குக் கூடுதல் பாகம் வாங்கினேன், அது மட்டும் ஒட்டவே இல்லை. டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் பொருந்த வேண்டும் என்று அட்டையைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். மகனுக்கு பிஎஸ்5 வாங்கப் போகிறார்களாம். "தம்பி, டிஸ்க் போடாதது வெல கொறவாமே, அது போதாதா?" என்றாள். கூடுதல் காசை டிஸ்க் விற்றே எடுத்துவிடலாம், டிரைவ் உள்ளதையே வாங்கு என்றேன். வாங்கினார்கள். பிஎஸ்4 டிஸ்க் அதில் ஓடும் என்பதால், பயல் வீட்டுக்கு வந்து என் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை, அதன் இரண்டு டிஸ்க்கையும், "மாமா, ஒரு வாரம்" என்று சொல்லி எடுத்துப் போனான். மூன்று வாரமாகிறது. நேற்று தக்கலைக்காரன் அதைத்தான் கேட்டான், என்ன சொல்ல?