ஹோல்டரா, பேட்சா, வாட்சா? வந்து வந்து போகும் படபடப்பைப் பிடிக்க

படபடப்பு தினமும் வருகிறதென்றால் யோசிக்க வேண்டியதில்லை, ஹோல்டர் போதும்; வயர்களோடு உடலில் மாட்டி, இதயத் துடிப்பை இடைவிடாமல் பதியும் சின்னக் கருவி அது. வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை வருபவர்களிடம்தான் சிக்கல். 24 அல்லது 48 மணி நேரம் ஹோல்டரை மாட்டி அனுப்பினால், அந்த இரண்டு நாளும் இதயம் சமர்த்தாக இருந்துவிடும். அறிக்கை 'நார்மல்' என்று வரும். இவர்களுக்கு மார்பில் ஒட்டும் 14 நாள் பேட்ச்தான் என் தேர்வு.

ஹோல்டரின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மார்பில் ஒட்டும் பல எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) இருப்பதால் ஒரே துடிப்பைப் பல கோணங்களில் பார்க்கலாம். பேட்ச் பெரும்பாலும் ஒற்றை லீட், அதாவது ஒரே கோணம். பதிவில் அகலமாகத் தெரியும் துடிப்புகள் இதயத்தின் மேலறையிலிருந்து வருகின்றனவா, கீழறையிலிருந்தா என்று பிரிப்பது அதில் கடினம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 146 நோயாளிகளுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். முதல் 24 மணி நேரத்தில் ஹோல்டர் 61 துடிப்புக் கோளாறு நிகழ்வுகளைக் கண்டது, பேட்ச் 52தான். ஆனால் 14 நாள்வரை ஒட்டியிருந்த பேட்ச் மொத்தத்தில் 96 நிகழ்வுகளைப் பிடித்தது. பேட்ச் ஜெயிப்பது நாட்கணக்கால் மட்டுமே. நான்காம் நாள் உரிந்து விழுந்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அதனால் எல்லாமே ஒட்டும் விதத்தில் இருக்கிறது. இடம் பெரும்பாலும் இடப்பக்க மேல்மார்பு, காறை எலும்புக்குக் கீழே. முடியை ஒட்டச் சிரைக்க வேண்டும். ஓரத்தில் விட்ட முடிதான் முதலில் பேட்சைத் தூக்கும். பிறகு கூடவே வரும் சொரசொரப்பான பட்டையால் மேல்தோலின் இறந்த படலத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் தோலின் மின்தடை கூடி, சிக்னல் இரைச்சலாக வரும். லேசாகச் சிவந்தால் போதும், எரிச்சல் வரும்வரை வேண்டாம். வயதானவர்களின் மெல்லிய தோலில் கை இன்னும் மெதுவாகப் போகட்டும். ஸ்பிரிட்டால் துடைத்து முழுசாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதுதான் பேட்ச் சீக்கிரம் உரிய முக்கியக் காரணம். ஒட்டியபின் ஓரங்களை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம் குளியலும் வியர்க்கும் வேலையும் வேண்டாம். அதன்பின் தண்ணீர் முதுகில் விழும்படி சுருக்கமாகக் குளிக்கலாம், நீச்சல் கூடாது. அருகில் எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் படக்கூடாது. ஓரம் தூக்கினால் அந்த ஓரத்துக்கு மட்டும் மருத்துவ டேப் போடுங்கள், படபடப்பு வரும்போது அழுத்த வேண்டிய நடு பட்டனை மூடிவிடாதீர்கள். லேசான அரிப்பு சகஜம். கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்திரி ஒவ்வாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவே தயங்குவேன், குழந்தைகளுக்கும் அப்படியே.

ஸ்மார்ட் வாட்சின் வசதி தெரிந்ததுதான். அதன் பச்சை ஒளி மணிக்கட்டின் ரத்த ஓட்டத்தைப் பார்த்து, துடிப்பின் ஒழுங்கின்மையை ஊகிக்கிறது. கை ஆடினால் தடுமாறும். இசிஜி வசதி இருந்தாலும், உடையவர் விரலை வைக்கும் 30 விநாடிக்குத்தான் பதிவு. இரவில் சார்ஜில் போட்டால் தூக்கத்தில் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) தப்பிவிடும். 2019இல் முடிவுகள் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில், வாட்ச் எச்சரித்தபின் பேட்ச் ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே பேட்சில் அது தெரிந்தது. மற்றவர்களுக்கு எச்சரிக்கை பொய் என்று அர்த்தமில்லை, இந்தக் கோளாறு வந்து போகும். ஆனாலும் எச்சரிக்கையை மட்டும் வைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்க முடியாது. இசிஜி பதிவில் அது தெரிய வேண்டும். வாட்ச் சந்தேகத்தைக் கிளப்பட்டும், உறுதிசெய்ய பேட்ச் இருக்கிறது.

ஒட்டி அனுப்பும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதாரணப் பேட்சில் பதிவு முழுவதும் கருவிக்குள்ளேயே கிடக்கும். திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் பார்ப்பதில்லை. பட்டனை அழுத்துவது அந்த நேரத்தைக் குறித்து வைக்கும், உதவிக்கு யாரையும் அழைக்காது. மயங்கி விழுந்தவர்களுக்கு உடனுக்குடன் தகவல் அனுப்பும் கருவியோ மருத்துவமனைக் கண்காணிப்போ தேவை. பேட்ச் ஒட்டியிருக்கும் நாட்களில் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் பட்டனோடு நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.