தேசியச் சங்கமா, சொந்தச் சங்கமா?

தொழிற்சங்கம் என்று வந்தால் அமெரிக்க விமானிகளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பல நிறுவனங்களின் விமானிகளைச் சேர்த்து 1931-இல் தொடங்கிய தேசியச் சங்கமான ஆல்பா (ALPA). டெல்டா, யுனைடெட் என ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் அதில் தனி நிர்வாகக் குழு உண்டு; பேச்சுவார்த்தையை அதுதான் நடத்தும். ஆனால் ஒப்பந்தத்தில் தேசியத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். இன்னொன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 1963-இல் ஆல்பாவை விட்டு விலகி அமைத்த சொந்தச் சங்கமான ஏபிஏ (APA). அதற்கு மேலே வேறு தேசியச் சங்கம் கிடையாது. பணித்தளங்களின் பிரதிநிதிகளே முடிவெடுப்பார்கள்.

சரி, எது மேல்? இரு நிறுவனங்கள் இணையும்போது யார் மூத்தவர் என்று எழும் பணிமூப்புச் சண்டையைப் பாருங்கள். அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்துடனான இணைப்புக்குப் பின், ஆல்பாவின் விதிப்படி வந்த பணிமூப்பு நடுவர் தீர்ப்பில் கொதித்துப்போன யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள், 2008-இல் ஆல்பாவையே வெளியேற்றினார்கள். அப்புறம் வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பாதுகாப்பு விதிகளுக்காக வாஷிங்டனில் வாதாட ஆல்பாவின் பலம் வேண்டும் என்பதால், என் ஓட்டு தேசியச் சங்கத்துக்கே.