தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் துணி பேட்தான் தோது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க்கு மாதாமாதம் பேட் கிடைக்க என்ன வழி என்று எங்கள் மகளிர் குழுவில் பேசினோம். கடையில் வாங்கிக் கொடுக்கலாம், பேட் செய்கிற மெஷின் போடலாம், மாதவிடாய் கப் கொடுக்கலாம், துணி பேட் தைக்கலாம். கடைசியில் துணியைத்தான் எடுத்தோம், நான் முதலிலிருந்தே அந்தப் பக்கம்தான்.

கடை பேட் எல்லோருக்கும் பழக்கம், துவைக்கிற வேலை இல்லை. 2018 ஜூனில் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி சுழியமானது, அதற்குப் பதிலாகச் செப்டம்பரில் வந்த எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரியிலும் இதற்கு விலக்கு. ஆனாலும் அம்மாவுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு மாதமும் வாங்கும் வீட்டில் வரி போனது மட்டும் போதாது. நன்கொடை வந்தால் கொடுக்கலாம், நின்றுவிட்டால் பிள்ளை பழைய சேலைத் துண்டுக்கே போகும்.

மெஷின் என்றால் மலிவாகப் பேட் செய்கிற மெஷினைக் கண்டுபிடித்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். 2016இல் பத்மஸ்ரீ வாங்கியவர், அவர் மெஷினால் இந்தியக் கிராமங்களில் பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் பேட்டுக்குள் வைக்கிற மரக்கூழ் விடாமல் வர வேண்டும், கெட்டால் பழுது பார்க்க ஆள் வேண்டும். எங்கள் மாதிரி சின்னக் குழு தாங்காது.

உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கிற சிலிகோன் கப் பத்து வருஷம் வரை உழைக்கும். 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளை, சுமார் 3,300 பேரின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள், கசிவு பேட் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இருந்தது. பழகச் சில மாதம் ஆகும். எங்களில் கப் வைப்பவர்கள் ஓரிருவர்தான், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கல்யாணமாகாத பிள்ளை உள்ளே வைப்பதா என்று கேட்கிற அம்மாக்களிடம் பொறுமையாகப் பேசவும் வேண்டும்.

துணிக்கு வருவோம். தையல் தெரிந்த அக்காமார் இங்கே நிறைய, துணியும் டவுனிலேயே கிடைக்கும். விஷயமே காய வைப்பதில்தான். லயன் வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கொடி வாசலில் இருக்கும், அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டு மாமா எல்லோர் கண்ணிலும் படும். அதற்குப் பயந்து பாவாடைக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ போட்டால் ஈரம் போகாது, வாடை வரும், அரிப்பு வரும், அப்புறம் அந்தப் பிள்ளை துணியைத் தொடவே மாட்டாள். மத்தியான மழை வேறு. அதனால் எல்லா அடுக்கையும் சேர்த்துத் தடிமனாகத் தைக்கிற பேட் இங்கே ஒத்துவராது. பெண் பிள்ளைகளுக்குத் துணி பேட் கொடுக்க 2008இல் தொடங்கிய டேஸ் ஃபார் கேர்ல்ஸ் அமைப்பின் முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: நீர் கசியாத அடித்துணி தனி, மேலே மடித்து வைக்கும் ஃபிளானல் என்ற மெத்தென்ற பருத்தித் துணி தனி. ஃபிளானலைப் பிரித்தால் சதுரமான கைக்குட்டை மாதிரி, பூப்போட்ட துணியானால் கறையும் தெரியாது, கொடியில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், விரித்தால் மெல்லிசு என்பதால் சீக்கிரம் காயும். முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும், சுடுதண்ணீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். வாசனை சாஃப்ட்னர் வேண்டாம், துணி உறிஞ்சாமல் போகும்.

செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கப் போகிற அம்மாக்களுக்கு மட்டும் இதைச் சொல்லத் தயக்கம். மாற்ற இடமில்லை, ஈரத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்யச் சொல்ல மனசு வரவில்லை. அவர்களுக்கு வேலை நாளில் கடை பேட், வீட்டில் இருக்கும்போது துணி என்று கலந்து கொடுக்கிறோம்.